ஃபோரியரும் அரியரும்

பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கணித மேதையை 'ஃபூரியே' என்பார்கள். எங்கள் ஹாஸ்டலில் 'ஃபோரியர்'. உச்சரிப்பு தப்புதான். ஆனாலும் 'அரியர்' என்ற சொல்லோடு இவ்வளவு பாந்தமாக எதுகை கட்டி நிற்கும் பெயரைத் திருத்த எங்களில் யாருக்கும் மனசு வரவில்லை. முதலெழுத்து ஒன்று நெடில், இன்னொன்று குறில், இது எப்படி எதுகையாகும் என்று தமிழய்யா கேட்டால், இயைபு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்.

எங்கள் காலத்தில் மூன்றாவது செமஸ்டரின் எம்-த்ரீ (மூன்றாம் கணிதம்) பேப்பரில் பார்ட் பி-யில் 16 மார்க்குக்கு ஒரு கம்பி வரும். முப்பது சென்டிமீட்டர் நீளம். ஒரு முனை 20 டிகிரி, மறுமுனை 80 டிகிரி. கம்பி அந்தச் சூட்டுக்குப் பழகி நிம்மதியாக உட்காரும் நேரம் பார்த்து, திடீரென்று முனைகளை 40-க்கும் 60-க்கும் மாற்றிவிடுகிறார்கள். யார் மாற்றுகிறார்கள், எதற்கு மாற்றுகிறார்கள், கம்பி அவர்களுக்கு என்ன கெடுதல் செய்தது என்றெல்லாம் கேள்வித்தாளில் இருக்காது. இனி ஒவ்வொரு புள்ளியிலும் ஒவ்வொரு நேரத்திலும் எவ்வளவு சூடு என்று நாம் சொல்ல வேண்டும். நான் அதைச் சொல்ல முயன்றது சித்திரை வெயிலில், மின்விசிறி ஓடாத ஹாலில், அரியர் மாணவனாக. என் சூடு எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை.

எனக்கு அந்த அரியர் அடுத்த முயற்சியில் போய்விட்டது. ஃபோரியருக்கு அதே பாடத்தை கிளியர் பண்ணப் பதினைந்து வருடம் ஆயிற்று. இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் அப்பாவிடம் வாங்கிய திட்டில் பாதி மிச்சமாகியிருக்கும்.

ஜோசப் ஃபோரியர் 1768-இல் பிரான்சின் ஓசேர் ஊரில் ஒரு தையல்காரருக்குப் பிறந்தவர். பத்து வயது வாக்கில் அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. ராத்திரியில் கணக்குப் போடுவதற்காக எரிந்து மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்த பையன் என்று ஒரு கதை உண்டு. நம்ம ஊர் மகான்களுக்குத் தெருவிளக்கு, அவர்கள் ஊர் மகான்களுக்கு மெழுகுவத்தி. பெரிய மனிதர் ஆவதற்கு வீட்டில் கரன்ட் இருக்கக் கூடாது என்பது உலகப் பொதுவிதி போலிருக்கிறது.

பீரங்கிப் படையில் சேரப் பார்த்தார். பிரபு வீட்டுப் பிள்ளை இல்லை என்று கதவைச் சாத்திவிட்டார்கள். சரி, சாமியாராகிவிடலாம் என்று மடத்தில் சேர்ந்தார். முழுத் துறவியாகும் முன் 1789 வந்து, நாடே தலைகீழாகிவிட்டது. மடத்தை விட்டு வெளியே வந்து புரட்சிக்காரர்களோடு சேர்ந்தார். 1794-இல் ரோபெஸ்பியர் ஆட்சி இவரைப் பிடித்து உள்ளே போட்டது. நல்ல வேளையாக இவர் தலைக்கு முன் ரோபெஸ்பியரின் தலை போய்விட்டது. விடுதலை. அடுத்த வருடமே மறுபடி கைது. இந்த முறை குற்றச்சாட்டு என்ன தெரியுமா? ரோபெஸ்பியரின் ஆதரவாளராம். கட்சி மாறாமலேயே இரண்டு கட்சியிடமும் அடி வாங்கிய ஆள். நம்ம ஊர் அரசியல்வாதிகள் இவரிடம் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. இவர்தான் அவர்களிடம் டியூஷன் வந்திருக்க வேண்டும்.

நடுவில் பாரிசில் ஆசிரியர் பயிற்சிக்கு ஒரு புதுக் கல்லூரி திறந்தார்கள். அங்கே அவருக்குப் பாடம் எடுத்தவர்கள் லக்ரான்ஜ், லாப்லாஸ், மோஞ்ச். எம்-ஒன், எம்-டூ, எம்-த்ரீ மூன்றும் மனித உருவெடுத்து வந்து வரிசையாக வகுப்பெடுத்த மாதிரி. இந்த வாத்தியார்களின் முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எக்ஸாமினர்களாக வருவார்கள்.

1798-இல் நெப்போலியன் எகிப்துக்குப் படையெடுத்தபோது பீரங்கி, குதிரைகளோடு நூற்றைம்பது அறிஞர்களையும் கப்பலில் ஏற்றிக்கொண்டான். அதில் ஃபோரியரும் ஒருவர். கெய்ரோவில் ஓர் ஆய்வுக்கழகம் தொடங்கினார்கள். தலைவர் மோஞ்ச், துணைத் தலைவர் நெப்போலியன், செயலாளர் ஃபோரியர். தளபதியே துணைத் தலைவராக அடக்கமாக உட்கார்ந்த ஒரே கமிட்டி அதுவாகத்தான் இருக்கும். மறுவருடமே நெப்போலியன் சத்தமில்லாமல் கப்பலேறி ஊருக்குப் போய்விட்டான். மோஞ்சையும் கூட்டிக்கொண்டு போனான். செயலாளர் மட்டும் மணலில். டூர் போன இடத்தில் பஸ் விட்டுவிட்டுப் போன பையன் மாதிரி 1801 வரை அங்கேயே கிடந்தார்.

திரும்பி வந்தவருக்கு ஆசை ஒன்றுதான், கல்லூரியில் பாடம் எடுப்பது. நெப்போலியன் விடவில்லை. கிரெனோபிள் நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மாவட்டத்துக்கு அனுப்பிவைத்தான். நம்ம கணக்கில் கலெக்டர். சதுப்பு நிலத்தை வடித்தார், இத்தாலிப் பக்கம் மலைப்பாதை போட்டார், எகிப்து பற்றிய பெரிய நூலுக்கு முன்னுரை எழுதினார், மனு வாங்கினார். நம்ம ஊர் கலெக்டர்கள் மிஞ்சிய நேரத்தில் கவிதை எழுதுவார்கள். இவர் வெப்பச் சமன்பாடு எழுதினார். எது அதிக சேதம் என்று தீர்ப்பளிக்க எனக்குத் தகுதியில்லை, இரண்டிலும் பாதிக்கப்பட்டவன்.

ஏன் வெப்பம்? எகிப்திலிருந்து வந்த பிறகு அவருக்கு எப்போதும் குளிர்ந்துகொண்டே இருந்தது. அறையை அடுப்பு மாதிரி சூடேற்றி வைத்து, அதற்குள் கம்பளிக் கோட்டும் போட்டுக்கொண்டு உட்காருவாராம். மார்கழியில் கொடைக்கானலுக்குப் போன மதுரைக்காரர் நிலைமை. இப்படிப்பட்டவர் போர்வைக்குள்ளிருந்து, இந்தச் சூடு எங்கேதான் போய்த் தொலைகிறது என்று யோசிப்பது இயற்கைதானே. இரும்பு வளையத்தில் துளை போட்டு, துளைக்கு ஒரு தெர்மாமீட்டர் செருகி, ஒரு பக்கம் சூடேற்றி, சூடு எப்படி நகர்கிறது என்று அளந்தார்.

அவர் கண்டது இதுதான். கம்பியில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் இரண்டு பக்கத்து வீட்டையும் எட்டிப் பார்க்கிறது. அவர்களுடைய சராசரியை விடத் தன்னிடம் சூடு குறைவென்றால் ஏறுகிறது, அதிகமென்றால் இறங்குகிறது. வித்தியாசம் பெரிதென்றால் வேகமும் பெரிது. எவ்வளவு பெரிய தத்துவம் பாருங்கள், நம்ம காலனி முழுக்க இதே சமன்பாட்டில்தான் ஓடுகிறது. பக்கத்து வீட்டில் ஏசி வந்தால் நம் வீட்டில் எத்தனை நாளில் வரும் என்பதை இதை வைத்தே கணக்கிடலாம். இதைக் குறியீட்டில் எழுதினால் ஒரு பக்கம் நேரத்துக்கு ஒருமுறை வகைக்கெழு, மறுபக்கம் தூரத்துக்கு இருமுறை வகைக்கெழு. ஒரே வரி. அந்த ஒரு வரியைத் தீர்க்கத்தான் நான்கு பக்க விடைத்தாளும் ஒரு அடிஷனல் ஷீட்டும்.

தீர்க்கும் வழியில்தான் வம்பு. கம்பியின் தொடக்கச் சூடு சைன் அலை வடிவில் இருந்தால் கணக்கு சுலபம். அலை வடிவம் மாறாது, உயரம் மட்டும் தேயும். பொடி அலைகள் சீக்கிரம் சாகும், பெரிய அலை நின்று சாகும். இரண்டாவது அலை முதலாவதை விட நான்கு மடங்கு வேகமாகத் தேயும், மூன்றாவது ஒன்பது மடங்கு. சரி, தொடக்கச் சூடு அலையாக இல்லாமல் கோணல்மாணலாக இருந்தால்? ஃபோரியர் கொஞ்சமும் கூச்சப்படாமல் சொன்னார்: எந்தக் கோணலாக இருந்தாலும் அதை சைன், கொசைன் அலைகளின் கூட்டலாகப் பிரித்துவிடலாம். படிக்கட்டு மாதிரி வெட்டு வெட்டாக இருந்தாலும் சரி. எந்த அலை எவ்வளவு என்று கண்டுபிடிக்க, அந்த அலையாலேயே பெருக்கித் தொகையிட வேண்டும். மற்ற அலைகளெல்லாம் பூஜ்யமாகி உதிர்ந்துவிடும், தன் ஆள் மட்டும் நிற்பான். கல்யாண வீட்டில் 'மாப்பிள்ளை பக்கம் மட்டும் போட்டோவுக்கு வாங்க' என்று மைக்கில் கூப்பிட்ட மாதிரி.

1807 டிசம்பர் 21. பாரிஸ் அறிவியல் கழகத்தில் பேப்பரைக் கொடுத்தார். திருத்த நான்கு பேர்: லக்ரான்ஜ், லாப்லாஸ், மோஞ்ச், லக்ருவா. முதல் மூவரும் பாடம் சொல்லிக்கொடுத்தவர்கள், அதில் மோஞ்ச் எகிப்துக் கூட்டாளி வேறு. இன்டர்னல் மார்க் அள்ளிக் கொட்டுவார்கள் என்றுதானே நினைப்போம்? பேப்பர் அச்சுக்கே போகவில்லை. முக்கியமான முட்டுக்கட்டை லக்ரான்ஜ்.

லக்ரான்ஜின் கோபத்தைப் புரிந்துகொள்ள அறுபது வருடம் பின்னால் போக வேண்டும். அது ஒரு வீணைத் தந்திச் சண்டை. அவர்கள் ஊரில் வயலின் தந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். மீட்டிய தந்தி எப்படி அதிரும் என்பதற்கு தலம்பேர் 1747-இல் ஒரு விடை தந்தார். மறுவருடம் ஆய்லர் அதே விடையை எழுதி, ஆனால் அர்த்தம் வேறு என்றார். 1753-இல் டேனியல் பெர்னூலி குறுக்கே வந்து, எல்லாம் சைன் அலைகளின் கூட்டல்தான் என்றார். அவருக்கு வீட்டிலேயே சண்டை பழக்கம். பாரிஸ் கழகப் பரிசைத் தன்னோடு சமமாகப் பங்குபோட்டுக்கொண்ட குற்றத்துக்காக மகனை வீட்டுப் படியேறவிடாத யோஹான் பெர்னூலிதான் அவர் அப்பா. (இந்த அப்பா, பணம் வாங்கிக்கொண்டு தன் கண்டுபிடிப்புகளை ஒப்பித்தாலுக்கு விற்றவரும் கூட. நாம் பரீட்சையில் எழுதும் ஒப்பித்தால் விதி கடைக்குப் போய் வாங்கிய சரக்கு. ஹாஸ்டலில் நாங்கள் இந்தப் பெயரை 'எல் ஹாஸ்பிட்டல்' என்று வாசித்தோம், பொருத்தமாகத்தான் இருந்தது.) ஆய்லரும் தலம்பேரும் ஒருவரோடொருவர் மோதுவதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, டேனியலை ஆளுக்கொரு பக்கம் அடித்தார்கள். 1759-இல் இளைஞர் லக்ரான்ஜும் ஆய்லர் பக்கம் நின்று ஒரு குத்து விட்டார். விவகாரம் புதைந்தது.

அப்படிப் புதைத்த பிணம் 1807-இல் கலெக்டர் கோட்டு மாட்டிக்கொண்டு எழுந்து வந்தால் எழுபத்தொரு வயது லக்ரான்ஜுக்கு எப்படி இருக்கும்? வழுவழுப்பான அலைகளைக் கூட்டினால் மூலை முடுக்கு எங்கிருந்து வரும் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான், ஃபோரியரிடம் அதற்கு ஒழுங்கான பதில் இல்லை. ஆனால் விடை மட்டும் ஒவ்வொரு முறையும் சரியாக வந்தது. ஸ்டெப் இல்லாமல் விடை எழுதிய மாணவன், ஸ்டெப்புக்குத்தான் மார்க் என்று சொல்லும் எக்ஸாமினர். இந்தத் தகராறை நாம் எங்கேயோ பார்த்திருக்கிறோம்.

பிறகு கழகம் வெப்பத்தையே தலைப்பாக வைத்து 1811-க்கு ஒரு போட்டி அறிவித்தது. வந்த பேப்பர் ஃபோரியருடையதோடு சேர்த்து இரண்டே இரண்டு. பரிசு ஃபோரியருக்கு. கூடவே ஒரு கொசுறு: பொதுத்தன்மையும் கறார்த்தன்மையும் போதவில்லை என்று தீர்ப்பில் எழுதினார்கள். பேப்பரை அச்சிடவும் இல்லை. பாஸ், ஆனால் மார்க்‌ஷீட் தர மாட்டோம்.

லக்ரான்ஜ் 1813-இல் போய்ச் சேர்ந்தார். ஆட்சி பறிபோய் எல்பா தீவுக்கு அனுப்பப்பட்டிருந்த நெப்போலியன் 1815-இல் தப்பி, வேறு வழி இல்லாத மாதிரி நேராக கிரெனோபிள் வழியாகவே வந்தான். அதற்குள் புது ராஜாவின் கலெக்டராகியிருந்தவர் என்ன செய்வார்? ஊரை விட்டு ஓடினார். பிடித்துக்கொண்டு வந்தார்கள். நெப்போலியன் கொஞ்சம் திட்டிவிட்டு லியோன் மாவட்டத்துக்குக் கலெக்டராக்கினான். கொஞ்ச நாளில் வாட்டர்லூ. அதற்குள் அந்த வேலையும் போயிருந்தது. 1816-இல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தபோது, நெப்போலியன் ஆளா என்று புது ராஜா கையெழுத்துப் போட மறுத்தார். 1817-இல் மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். ராஜாவும் அலுத்துப்போய்ச் சம்மதித்தார். 1822-இல் வெப்பம் பற்றிய புத்தகம் வெளிவந்தது. அதே வருடம் கழகத்தின் நிரந்தரச் செயலாளர் பதவி.

நாற்காலியில் உட்கார்ந்த பின் ஃபோரியர் செய்த வேலைதான் எனக்கு அவர் மேல் உயிரையே வைக்கச் செய்தது. கறார்த்தன்மை போதவில்லை என்று ஓரம்கட்டப்பட்ட அந்த 1811 பேப்பரை எடுத்து, அநேகமாக ஒரு வரியும் மாற்றாமல், கழகத்தின் இதழிலேயே அச்சிட்டார். அரியர் வைத்த மாணவன் கன்ட்ரோலர் ஆஃப் எக்ஸாமினேஷன்ஸ் ஆகி, பழைய கட்டிலிருந்து தன் விடைத்தாளை உருவி 'பாஸ்' என்று முத்திரை குத்தியதற்கு வரலாற்றில் இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடையாது.

விட்டுப்போன ஸ்டெப்பை எழுதிக்கொடுத்தவர் டிரிஷ்லே என்ற ஜெர்மன் இளைஞர். பாரிசில் படிக்க வந்து ஃபோரியரோடு பழகியவர். எப்படிப்பட்ட சார்புகளுக்கு இந்தக் கூட்டல் நிச்சயம் பலிக்கும் என்று 1829-இல் நிபந்தனை போட்டு நிரூபித்தார். பார்ட் ஏ-யில் முதல் கேள்வியாக வரும் 'டிரிஷ்லே நிபந்தனைகளைக் கூறுக' அதுதான். எண்பது வருடத் தெருச்சண்டைக்கு இரண்டு மார்க்.

புத்தகம் அதன்பின் கடல் கடந்தது. 1840-இல் கிளாஸ்கோவில் வில்லியம் தாம்சன் என்ற பதினைந்து வயதுப் பையன் அதை இரண்டே வாரத்தில் படித்து முடித்தான். (எங்கள் ஹாஸ்டலில் தேர்வுக்கு முந்தின ராத்திரி முடிப்போம். ஆனால் அது மைக்ரோ ஜெராக்ஸ்.) எடின்பரோ பேராசிரியர் ஒருவர் ஃபோரியர் செய்தது தப்பு என்று எழுதியிருந்ததைப் பார்த்துப் பொங்கி, தப்பு பேராசிரியருடையதுதான் என்று பி.க்யூ.ஆர். என்ற புனைபெயரில் கட்டுரை எழுதினான். பின்னாளில் கெல்வின் பிரபு ஆனது இந்தப் பையன்தான். கடலடித் தந்திக் கம்பியில் மின்சாரம் பரவுவதும் இரும்புக் கம்பியில் சூடு பரவுவதும் ஒரே சமன்பாடு என்று 1850-களில் கண்டதும் அவர்தான். தட்டிய சமிக்ஞை மறுமுனைக்கு அப்படியே போகாது, மைத்துளி ஒற்றுத்தாளில் பரவுகிற மாதிரி பரவி மழுங்கும். நீளம் இரு மடங்கானால் தாமதம் நான்கு மடங்கு.

அட்லாண்டிக் கேபிள் கம்பெனியின் மின் நிபுணருக்கு இது பிடிக்கவில்லை. வைட்ஹவுஸ் என்ற அவர் படிப்பால் அறுவை மருத்துவர். கணக்கெல்லாம் வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்பது அவர் கட்சி. 1858 ஆகஸ்டில் அயர்லாந்திலிருந்து நியூஃபவுண்ட்லாந்துக்குக் கேபிள் போட்டார்கள். விக்டோரியா ராணி அமெரிக்க அதிபருக்கு அனுப்பிய 98 சொல் வாழ்த்து போய்ச் சேரப் பதினாறு மணி நேரம் ஆனது. ஒரு சொல்லுக்குப் பத்து நிமிடம். சில திருமண வீடியோக்கள் இந்த வேகத்தில் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். நோயாளி மந்தமாக இருக்கிறான் என்று கண்ட டாக்டர், டோஸை ஏற்றினார். சுமார் இரண்டாயிரம் வோல்ட். சில வாரங்களில் கேபிள் உயிரை விட்டது. அட்லாண்டிக் அடியில் கிடக்கும் கம்பியை டாக்டர் கொன்றார் என்றால், சாட்சி சொன்னது ஃபோரியர். உருப்படியான கேபிள் வர 1866 ஆயிற்று. தாம்சனுக்கு 'சர்' பட்டமும் கூடவே வந்தது.

தாம்சன் விட்டுவைத்த மிச்சத்தைச் சேர்த்து எழுதியவர் ஆலிவர் ஹெவிசைட். பதினாறு வயதில் பள்ளியை விட்டவர், கொஞ்ச காலம் தந்தி ஆபீஸ் வேலை, இருபத்துநான்கில் அதையும் விட்டார். வகைக்கெழுவை ஒரு சாதாரண எழுத்து மாதிரி பெருக்கி வகுத்து விடை கொண்டுவந்தார். இதற்கு நிரூபணம் எங்கே என்று ராயல் சொசைட்டி அவருடைய கட்டுரையின் மூன்றாம் பகுதியை 1894-இல் திருப்பி அனுப்பியது. மறுபடி ஸ்டெப் பிரச்சினை! ஜீரணம் எப்படி நடக்கிறதென்று தெரியாவிட்டால் சாப்பிடாமல் இருக்க முடியுமா என்பது அவர் வாதம். பிற்பாடு அந்த வித்தைக்கு முறையான ஆடை உடுத்தி 'லாப்லாஸ் டிரான்ஸ்ஃபார்ம்' என்று பெயரிட்டு எம்-டூவில் உட்கார வைத்தார்கள். உழைத்தவருக்குக் கிடைத்தது அவர் பெயரில் படிக்கட்டுச் சார்பு ஒன்று. கடைசிக் காலத்தில் வீட்டில் கருங்கல்லை மேஜை நாற்காலியாகப் போட்டு உட்கார்ந்திருந்தார். எம்-டூ படித்தவர்களுக்கு இதில் வியப்பு ஏதுமிருக்காது.

இன்னொரு விஷயம் சொல்லி வயிற்றெரிச்சலைக் கிளப்பிவிடுகிறேன். ஃபோரியர் கணக்கைக் கணினி மின்னல் வேகத்தில் செய்யும் முறையை 1965-இல் கூலி, டியூக்கி என்ற இருவர் வெளியிட்டார்கள். உலகமே கொண்டாடியது. பழைய தாள்களைப் புரட்டினால், கௌஸ் அதை 1805 வாக்கிலேயே சிறுகோள்களின் பாதையைக் கணக்கிடப் பயன்படுத்தியிருக்கிறார். ஃபோரியர் பேப்பரே கொடுக்காத காலம். கௌஸ் வெளியே சொல்லவில்லை. வகுப்பில் இப்படி ஒருத்தன் இருப்பான், 'நான் ஒண்ணும் படிக்கலடா' என்பான்.

நம் கதாநாயகரிடம் திரும்புவோம். 1830-இன் தொடக்கத்தில் பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் கழகத்தின் பெரிய பரிசுக்கு ஒரு பேப்பர் கொடுத்தான். எவரிஸ்த் கலுவா. கம்ப்யூட்டர் சயன்ஸ்காரர்களுக்கு இவன் இன்னொரு செமஸ்டரில் 'கேலோயிஸ் ஃபீல்டு' என்ற பெயரில் வருவான். செயலாளர் ஃபோரியர் அந்தப் பேப்பரைப் படிப்பதற்காக வீட்டுக்கு எடுத்துப் போனார். அடுப்பெரியும் அறை, கம்பளிக் கோட்டு, மேஜைமேல் பையனின் பேப்பர். மே 16-ஆம் தேதி ஃபோரியர் இறந்துபோனார். அவர் விட்டுச்சென்ற தாள்களில் தேடினார்கள், கிடைக்கவில்லை. பரிசை ஜகோபிக்கும், முந்தின வருடமே செத்துப்போயிருந்த ஆபெலுக்கும் பகிர்ந்து கொடுத்துவிட்டார்கள். கலுவா ரீவேல்யூவேஷனுக்குப் போட விடைத்தாளே இல்லை.